காய்ந்த செடியில் பட்டாம்பூச்சிகள்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஏற்காட்டுக்குப் பூச்சி பார்க்கப் போவோம். யாரும் விலங்கியல் படித்தவர்கள் இல்லை. போன அக்டோபரில் நாகலூர் போகும் வழியில் காய்ந்துபோன கிலுகிலுப்பைச் செடி ஒன்றில் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் மொய்த்துக் கிடந்தன. பூவே இல்லாத செடியில் அவற்றுக்கு என்ன வேலை? படங்களை ஒரு பேராசிரியரிடம் காட்டினேன். "அழகா இருக்கு, அறிவியலுக்கு இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டார். நாங்கள் செய்வது வெறும் பொழுதுபோக்குதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் செடி. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் ஒருவகைக் கசப்பு நஞ்சு உண்டு. ஆடுமாடுகள் தொடர்ந்து தின்றால் ஈரல் கெட்டுவிடும். வரியன்களும் கருப்பன்களும் அதைத்தான் தேடி வருகின்றன. பூ தேவையில்லை. வாடியதும் காய்ந்ததும்தான் அவற்றை அதிகம் இழுக்கும். உறிஞ்சுகுழல் வழியாகச் சொட்டுத் திரவத்தைக் காய்ந்த தண்டின்மேல் விட்டு, நஞ்சு அதில் கரைந்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இப்படி வருபவை பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரும் வாசனையை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. தின்ன வரும் பறவைக்கும் அந்தக் கசப்பு பிடிக்காது. உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நீல வரியனின் பின்னிறக்கையில் சின்னப் பை போல ஒரு புடைப்பு தெரிகிறது. அது ஆணுக்கு மட்டும் உள்ளது.

பேராசிரியர் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. படம் எடுப்பதோடு விட்டுவிட்டால் பொழுதுபோக்குதான். அதிலும் குற்றமில்லை, டாஸ்மாக் போவதற்கு மேல். ஆனால் தேதி, இடம், செடியின் பெயர், பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு வரி சேர்ந்தால் அதே படம் பதிவாகிவிடும். பூச்சியின் பெயரைப் பத்து வருடம் கழித்துக்கூட யாராவது சொல்வார்கள். எந்தச் செடியில் உட்கார்ந்திருந்தது என்பதை அன்றைக்கே எழுதாவிட்டால் போயிற்று.

உங்கள் காட்சிக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு இந்த இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வருகின்றன. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலைப் பக்கமிருந்து கூட்டமாக மேற்கே கிளம்புகின்றன. அக்டோபரில் நீங்கள் பார்த்தவை வழியில் தங்கியவையாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் திசை இல்லை! எந்தப் பக்கமிருந்து வந்தன, எந்தப் பக்கம் போயின, ஐந்து நிமிடத்தில் எத்தனை கடந்தன, இதைக் குறிக்கப் பட்டம் வேண்டாம். ஒன்றுமே வராத நாளையும் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது இறக்கையோடு நிறுத்தாமல் உடலையும் சேர்த்து எடுங்கள். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் பெண்களில் ஒருவகை, நஞ்சுள்ள இன்னொரு பட்டாம்பூச்சியான ரோஜா அழகியைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு திரியும். இறக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ரோஜா அழகிக்கு உடல் சிவப்பு, வேஷக்காரிக்குக் கருப்பு.

அப்புறம், காபித் தோட்டங்களில் வேலை செய்பவர்களிடம் பேசிப் பாருங்கள். காபித் தண்டைக் குடையும் வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளியே வரும். வெயில் படும் தண்டில்தான் அதிகம் முட்டையிடும், நிழல் மரங்களைப் பேணுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு வருடமும் அது முன்னால் வந்ததா, பிந்தி வந்ததா என்று தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய ஞாபகத்தை யாரும் எழுதி வைப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு எச்சரிக்கை. மரப்பொந்துகளில் வாழும் பெரிய ரோமச் சிலந்திகளைப் பார்த்தால் இடத்தைத் துல்லியமாக வெளியே போடாதீர்கள். வளர்ப்புக்காகப் பிடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். உயிரினப் படங்களைப் பதியும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டில் பதிவிடும்போது இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கல்லைப் புரட்டினால் முன்பு இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

அந்தச் செடியின் காயும் இலையும் தெரியும்படி படம் இருந்தால் அனுப்புங்கள். கிலுகிலுப்பையில் பல இனங்கள் உண்டு. எது என்று செடிகள் தெரிந்த ஒரு நண்பரிடம் கேட்டுச் சொல்கிறேன்.