கனகாம்பரம்: நிழல் எவ்வளவு, வெயில் எவ்வளவு? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வடக்குப் பார்த்த பால்கனியில் வைத்த கனகாம்பரம் இலையாகவே வளர்கிறது, பூப்பதில்லை. இது நிழலில் வளரும் செடிதானே?

பதில்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரங்களுக்கு அடியில் இயற்கையாக வளர்ந்து வந்த பல்லாண்டுச் செடி கனகாம்பரம், ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது சரியே. ஆனால் மரத்தடியில் இலைகளின் இடைவெளி வழியாக வெயில் துண்டு துண்டாக விழுந்து, நாள் முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கட்டடச் சுவரின் நிழலில் அந்த வெயில் கிடைப்பதில்லை. வெளிச்சம் போதாத செடி கணுக்களுக்கு இடையே நீண்டு, மெலிந்து, பூங்கதிர் விடுவதைக் குறைத்துக்கொள்கிறது. காலையில் 3 அல்லது 4 மணி நேரமாவது வெயில் படும் கிழக்குப் பக்கத்துக்குத் தொட்டியை ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். தோட்டம் உள்ளவர்களுக்குத் தென்னை, முருங்கை ஆகியவற்றின் அடியில் விழும் மெல்லிய நிழலே நான் முதலில் பரிந்துரைக்கும் இடம். கோடையின் பிற்பகல் வெயிலில் இதழ்களின் நிறம் வெளிறிவிடும். மணமில்லாத இந்தப் பூவைக் கதம்பத்தில் சேர்ப்பதே நிறத்துக்காகத்தான் என்பதால், அந்த நேரத்து நிழலைத் தவறாமல் உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: டெல்லி கனகாம்பரத்தில் விதையே பிடிப்பதில்லை. என்ன குறை?

பதில்: குறை ஏதும் இல்லை. அது மும்மடங்குக் குரோமோசோம் கொண்ட வகை; அதனால் விதை உருவாவதில்லை. நுனித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். விதை பிடிக்கும் நாட்டு வகைகளில் முற்றிய காய் நீர் பட்டதும் வெடித்து விதைகளைத் தெறிக்கும். ஆகவே விதை வேண்டுமென்றால் மழைக்கு முன்பே, காய்ந்த கதிரைப் பறித்துத் துணிப்பையில் போட்டு வையுங்கள்.

கேள்வி: இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன்.

பதில்: இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். காரத்தன்மை மிகுந்த நீர் தொடர்ந்து சேரும் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் (இரும்பு சல்பேட்) கரைத்து, மாலை நேரத்தில் இலைகளின் மேல் தெளியுங்கள். இரு வாரம் கழித்து மறுமுறையும் தெளிக்கலாம். முடிந்தபோதெல்லாம் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். மக்கிய தொழுவுரமும் சேருங்கள்.

கேள்வி: நன்றாகப் பூத்த செடிகள் ஒவ்வொன்றாக வாடிச் சாகின்றன. தண்ணீரைக் கூட்டியும் பயனில்லை.

பதில்: தண்ணீரைக் கூட்டுவதை உடனே நிறுத்துங்கள். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பாருங்கள். வெண்மையாக இருக்க வேண்டிய சிறு வேர்கள் கறுத்து, அழுகி, உதிர்ந்தால், மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவும் வாடல் நோய்ப் பூஞ்சையும் சேர்ந்து தாக்கியிருக்கக்கூடும். நூற்புழு வேரில் ஏற்படுத்தும் காயத்தின் வழியே பூஞ்சை எளிதாக உள்ளே நுழைகிறது. அதனால்தான் பூஞ்சைக்கொல்லி மட்டும் ஊற்றியவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். நோய்ப்பட்ட செடியை வேரோடு அகற்றி எரித்துவிடுங்கள். அதே குழியில் மீண்டும் கனகாம்பரம் நடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. நல்ல நாற்றையும் அது வீணாக்கிவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச்சாமந்தி வளர்த்தால் நூற்புழுக்களின் பெருக்கம் குறையும். அடுத்த நடவுக்கு முன் வேப்பம்புண்ணாக்கை மண்ணில் கலந்து, நீர் தேங்காதபடி பாத்தியை உயர்த்துங்கள். நிழலில் மண் மெதுவாகவே காயும் என்பதால், மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, உலர்ந்த பிறகே நீர் விடுங்கள்.

கேள்வி: பழைய செடியை வெட்டிவிடலாமா?

பதில்: வேர் நலமாக இருந்தால் வெட்டலாம். பூத்து முடிந்த கதிர்களை அவ்வப்போது கிள்ளி, ஆண்டுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் குறைத்துத் தொழுவுரம் இடுங்கள். பக்கக்கிளைகள் எழுந்து, அவற்றில் புதிய கதிர்கள் வரும்.