ஏணியில் இருந்து இறங்க நினைக்கும் ஏசி மெக்கானிக்குக்கு

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 38. கத்தாரில் 11 வருடம், முதலில் ஹெல்ப்பர், பிறகு ஏசி மெக்கானிக். ஊருக்குத் திரும்பி எட்டு மாதமாகிறது. ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியில்லை. முழங்கால் வலி, முன்னைப்போல ஏணி ஏற முடியவில்லை. ஒரு தனியார் நிலையத்தில் ஒன்றரை இலட்சம் கட்டி ஆறு மாதக் கம்ப்யூட்டர் டிப்ளோமா செய்தால் ஒபிஸ் வேலைக்கு மாறலாம் என்று சொல்கிறார்களாம். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டட்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம் தம்பி, நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் முழங்காலும் ஏணியும் வெயிலும். உங்களுக்குக் கம்ப்யூட்டரில் ஆசையில்லை, ஏணியில் இருந்து இறங்கத்தான் ஆசை. அது நியாயம், ஆனால் அதற்கு 11 வருட வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு, ஏ.எல். என்ற உயர்தரம் முடித்த 20 வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் போய் நிற்க வேண்டுமா? அந்த வரிசையில் உங்களுக்கு எந்த அனுகூலமும் இல்லை.

முதலில் கையில் இருப்பதைப் பேப்பரில் கொண்டு வாருங்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களில் இருக்கிறது. 1 முதல் 4 வரை கைத்தொழில் சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். குளிரூட்டி, ஏசி மெக்கானிக் தொழிலுக்கு இதில் தனியாகத் தகைமை உண்டு. 4ஆம் மட்டம் என்றால் பக்கத்தில் ஆள் நிற்காமல் தனியாக வேலை செய்யக்கூடியவர் என்று அர்த்தம், நீங்கள் குறி வைக்க வேண்டியதும் அதைத்தான். வகுப்பில் இருக்காமலே இதை எடுக்க ஒரு வழி இருக்கிறது, ஆர்.பி.எல்., அதாவது ஏற்கெனவே கற்றதையும் செய்ததையும் மதிப்பிட்டு அங்கீகரிப்பது. ஓ.எல். கணிதத்தை நினைத்துத் தயங்காதீர்கள், இங்கே பார்ப்பது கைவேலையை. நைட்டா என்று எல்லோரும் சொல்கிற பயிலுனர் பயிற்சி அதிகாரசபையில் கேளுங்கள். அது தூரமென்றால் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், தொழில் வழிகாட்டல் பார்க்கிற உத்தியோகத்தர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் பேசக் காசு கட்டத் தேவையில்லை.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கம்பெனிக் கடிதம், சம்பளச் சிட்டை, கத்தார் ஐடி பிரதி, போனில் கிடக்கிற வேலைப் படங்கள், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வருட வரிசையில் போடுங்கள். கம்பெனி கடிதம் தராவிட்டால் உங்கள் ஃபோர்மனிடமாவது வாட்ஸ்அப்பில் கேட்டு ஒன்று வாங்குங்கள். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்ட வேண்டும், அனுபவசாலிகள் சறுக்குவது அங்கேதான். அவசர வேலையில் பழகியவர்கள் பைப் பூட்டியதும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கிற வெக்கூம் பம்ப் போடாமல், கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டு உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். ஆர்-410ஏ, ஆர்-32 என்ற கேஸ்களில் ஓடுகிற மெஷின்களில் இருக்கிற ஒயில் ஈரத்தை இழுக்கிற ஒயில். ஈரம் உள்ளே நின்றால் அமிலமாகி கொம்ப்ரெசரைத் தின்றுவிடும். ஆர்-32 தீப்பற்றக்கூடியதும்கூட. ஆகவே நைட்ரஜன் அடித்துக் கசிவு பார்த்து, வெக்கூம் போட்டு, மீட்டர் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு கேஸைத் திறக்கிற பழக்கத்தை இப்போதே கைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு பகுதியில் குறை இருந்தாலும் எல்லாம் போய்விடாது, விடுபட்டதை மட்டும் பயிற்சி எடுத்துத் திரும்ப முகம் கொடுக்கலாம்.

சரி, சான்றிதழ் வந்தால் ஏணி போய்விடுமா? உடனே போகாது. ஆனால் பாசிக்குடா ஹோட்டல்களில் இருந்து அறுகம்பை ரூம்கள் வரை, கச்சான் என்ற சூடான வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் ஏசி ஓடாத இடம் இல்லை. கடலோரத்து உப்புக் காற்று வெளி யூனிட்டின் கொயிலை அரித்துக்கொண்டே இருக்கும், அதனால் சேர்விஸ் வேலை ஓயாது. ஏணி ஏற இரண்டு பொடியன்களை வைத்துக்கொண்டு, வேலை பிடிப்பது, விலை கொடுப்பது, பிழை கண்டுபிடிப்பது என்று கீழே நின்றே செய்கிற பங்கை நீங்கள் எடுக்கலாம். அல்லது ஒரு ஹோட்டலின் பராமரிப்புப் பகுதியில் சூப்பர்வைசராகப் போகலாம், கத்தாரில் பழகிய இங்கிலீஷும் ஹிந்தியும் அங்கே காசு. பிறகு மனம் வந்தால் 5ஆம் மட்டம். மாரியில் அறுகம்பை வெறிச்சோடிவிடும், வருமானக் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துப் போடுங்கள்.

கம்ப்யூட்டரும் வேண்டும்தான், ஆனால் இந்த அளவுக்கு: எக்செலில் ஒரு விலைமதிப்பு, ஒரு பில், எந்த வீட்டு மெஷினுக்கு எப்போது சேர்விஸ் என்ற பட்டியல். பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளைக்கு ஒரு சின்னத் தொகை கொடுத்தால் சில வாரத்தில் காட்டித் தந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் கோர்ஸுக்காவது காசு கட்டுவதாக இருந்தால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவா, நீங்கள் சேர்கிற அந்தக் கோர்ஸ் அங்கீகாரம் பெற்றதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சில இடங்களில் நிலையம் பதிவாக இருக்கும், கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்காது. திகதியையும் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் நானே ஒரு பிள்ளையை ஒரு நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன், சுவரில் தொங்கிய பதிவுச் சான்றிதழ் காலாவதியானது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பனை இன்றைக்கும் சந்தையில் கண்டால் எனக்கு முகம் கொடுக்கக் கூச்சம்.

முழங்காலை டொக்டரிடம் காட்டியதாக நீங்கள் எழுதவில்லை. ஃபைல் கட்டத் தொடங்குமுன் அதைக் காட்டிவிடுங்கள், மதிப்பீட்டு நாளிலும் ஒருவேளை ஏணி ஏறச் சொல்லலாம்.