செப்சிஸ் வந்த நோயாளிக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கிறதே, அதுதான் காரணமா?

ஐசியுவில் செப்சிஸோடு, அதாவது தொற்று முற்றி உறுப்புகளையே பாதிக்கும் நிலையோடு, போராடும் உங்கள் அப்பாவுக்கு வைட்டமின் டி 9 என்று வந்திருக்கிறது. முன்பே மாத்திரை கொடுத்திருந்தால் இது வந்திருக்காதா, இப்போது ஊசி போட்டால் தேறிவிடுவாரா என்று கேட்கிறீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து உங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரிப்போர்ட்டில் சிவப்பாகத் தெரியும் அந்த ஒரு வரியைக் காட்டி இதே கேள்வியைக் கேட்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனால் குறைபாடு, 12க்குக் கீழே கடும் குறைபாடு என்பது பொதுவான கணக்கு. ஆனால் அது நன்றாக நடமாடும் மனிதருக்குப் போட்ட கணக்கு. இந்த வைட்டமின் ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை, பெரும்பகுதி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. கடுமையான தொற்றில் ரத்தக்குழாய்கள் கசிந்து அந்தப் புரதம் வெளியேறுகிறது. ரத்த அழுத்தத்தைத் தூக்க லிட்டர் கணக்கில் ஏற்றும் சலைன் மிச்சத்தையும் நீர்க்கச் செய்கிறது. ஆகவே சேர்க்கைக்குப் பிறகு எடுத்த எண்ணில் எவ்வளவு பழைய குறைபாடு, எவ்வளவு இந்த நோய் செய்த வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெள்ளம் புகுந்த ஊரில் கிணறு கலங்கிக் கிடப்பதைப் பார்த்து, கிணற்றால்தான் வெள்ளம் வந்தது என்று சொல்லலாமா?

அதற்காக வைட்டமின் டிக்கும் தொற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் இந்த வைட்டமினைத் தாங்களே செயல்படும் வடிவத்துக்கு மாற்றி, கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தயாரிக்கின்றன. 2006இல் இது தெளிவானபோது பலருக்கும் பெரிய நம்பிக்கை வந்தது. குறைவாக இருப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று ஆய்வுகளும் காட்டின. ஆனால் முதுமை, படுத்த படுக்கை, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இது குறைவாகத்தான் இருக்கும். அவர்களுக்கு ஆபத்து எப்படியும் அதிகம்.

கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? கொடுத்தும் பார்த்தார்கள். ஆஸ்திரியாவில் 492 ஐசியு நோயாளிகளில் ஒரு பாதிக்கு 5,40,000 யூனிட்டில் ஆரம்பித்துக் கொடுத்த ஆய்வு 2014இல் வந்தது. மொத்தத்தில் பலன் இல்லை. 12க்குக் கீழே இருந்தவர்களில் மட்டும் மருத்துவமனை இறப்பு 46 சதவீதத்துக்குப் பதில் 29 சதவீதமாக இருந்தது. அது ஆய்வில் இருந்த ஒரு பிரிவினரை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்த துணைக்குழுக் கணக்கு என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. 2019இல் வெளிவந்த அமெரிக்காவின் வயலட் ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதே அளவை ஒரே தடவையில் கொடுத்தது. மூன்றாம் நாளே மருந்து பெற்றவர்களின் சராசரி 47ஐத் தொட்டது, மற்றவர்களுக்கு 11தான். ஆனாலும் 90 நாள் இறப்பு மருந்து பெற்றவர்களில் 23.5 சதவீதம், பெறாதவர்களில் 20.6. கடும் குறைபாடு இருந்தவர்களிலும் பலன் தெரியவில்லை. எண் ஏறியது, உயிர் காப்பாற்றப்படவில்லை.

இன்னொன்று, இந்த இரண்டு ஆய்விலும் கொடுத்தது ஊசி அல்ல. வாய் வழியாகவோ மூக்குக் குழாய் வழியாகவோதான் கொடுத்தார்கள். 9 என்ற எண்ணுக்கு உங்கள் மருத்துவர் அப்படிக் கொடுக்க முடிவு செய்தால் அது தவறில்லை, கால்சியத்தை மட்டும் கவனித்துக்கொள்வார்கள். கொடுக்கவில்லை என்றாலும் அப்பாவைக் கைவிட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நீங்களாக மருந்து வாங்கிக்கொண்டு போய் நிற்கவும் வேண்டாம்.

இன்று மாலை மருத்துவரைப் பார்க்கும்போது வேறு கேள்விகள் கேளுங்கள். எந்தக் கிருமி என்று கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) தெரிந்ததா, ஆன்டிபயாடிக் அதற்குப் பொருந்துகிறதா, சீழ் கட்டிய இடம் ஏதாவது இருந்தால் வடித்தாகிவிட்டதா, பிரஷர் மருந்தின் அளவு நேற்றைவிட ஏறுகிறதா இறங்குகிறதா, சிறுநீர் போகிறதா, லாக்டேட் (உடலுக்கு ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) குறைகிறதா. அப்பா தேறி வீட்டுக்கு வந்த பிறகு, சில வாரம் கழித்து வைட்டமின் டியை மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவாக இருந்தால் மாத்திரை போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.