மட்டக்களப்பு மறக்காத ஆசிரியர்கள், ஊடகக்காரர்கள் யார்?

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூரார் பகிடி விடுவது தெரியும்தானே. கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது. இந்த ஊர் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பாதிப்பேர் அப்படி வந்து ஒட்டியவர்கள்.

வாவிக்கரையில் சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவர். மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அத்திவாரம் போட்டார், அடுத்த வருசமே இறந்துபோனார். ஒரு வருசம்கூட முழுசாக இருக்கவில்லை.

பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் யாழ்ப்பாணத்து நெல்லியடிக்காரர். 'நெல்லை நடேசன்' என்ற பெயரைப் பார்த்துத் திருநெல்வேலி என்று நினைத்துவிடாதீர்கள். வீரகேசரியில் எழுதினார், ஐபிசி தமிழ் வானொலிக்கும் செய்தி கொடுத்தார். எங்கள் வீட்டில் பேப்பர் வந்தால் அப்பா முதலில் தேடுவது மட்டக்களப்புச் செய்தியைத்தான். 2004 மே 31 காலை, வேலைக்குப் போகிற வழியில் நடேசனைச் சுட்டார்கள். மறுநாள் பேப்பரை அப்பா வழக்கம்போல மேசையில் விடவில்லை. நாலாக மடித்து அலுமாரிக்குள், உடுப்புகளுக்கு அடியில் வைத்தார். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்து மட்டக்களப்பில் இருந்தவர்களுக்கு விளங்கும். அது மாசக்கணக்கில் அங்கேயே கிடந்தது.

இன்னொரு பத்திரிகையாளர் சிவராமின் கதை இதற்கு எதிர்மாறு. இந்த மண்ணிலேயே பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, 'தராகி' என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதிய அரசியல் பத்திகளால் கொழும்பைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். 2005 ஏப்ரல் 28 இரவு பம்பலப்பிட்டியில் கடத்தினார்கள். அடுத்த நாள் நாடாளுமன்றத்துக்குக் கிட்ட உடல் கிடந்தது. இரண்டு கொலைக்கும் இதுவரை யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

விபுலானந்த அடிகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பிறந்தது காரைதீவு. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சமாதி கல்லடி உப்போடையில், சிவானந்தா பள்ளிக்கூட வளவுக்குள் இருக்கிறது. கல்லடிப் பாலம் கடக்கிறவர்கள் ஒருக்கால் இறங்கிப் பார்க்கலாம்.

எனக்கு மனதில் நிற்பவர் ஹேபர்ட் பாதர். அமெரிக்காவின் லூசியானாக்காரர், யேசுசபைத் துறவி. மிக்கேல் பொடியன்களைக் கூடைப்பந்தில் நாடு முழுக்கத் தெரிய வைத்தவர். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார், கூட ஒரு பொடியனும். 30 கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. அந்தக் காலத்து மிக்கேல்காரர் நாலு பேர் சேர்ந்தால், மேட்ச் கதையில் தொடங்கி, "பாதர் அண்டைக்கு அந்த றோட்டால வெளிக்கிட்டிருக்கப்படாது" என்பதில் வந்து நிற்பார்கள்.