ஆன்டி-என்எம்டிஏ மூளை அழற்சி: அக்கா மகள் பழையபடி ஆவாளா?

16 வயது அக்கா மகள் திடீரென உளறுகிறாள், தூங்குவதில்லை, வலிப்பும் வந்தது, மீள்வாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2013-இல் வந்த பெரிய ஆய்வில் இந்த நோய் வந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்றாகத் தேறினார்கள்.

இந்த நோயில் உடலின் எதிர்ப்புப் புரதங்களே மூளையைத் தாக்குவதால் முதலில் மனநோய் போலத் தெரியும். பேய், மந்திரம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள். இந்தத் தாக்குதலை அடக்கும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் மருந்துச் சிகிச்சை சீக்கிரம் தொடங்க வேண்டும். இதைத் தூண்டக்கூடிய கட்டி சினைப்பையில் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்களா? அவசியம் கேளுங்கள். இருந்தால் அதை அகற்றினால்தான் சிகிச்சை சரியாகப் பிடிக்கும்.

அவள் திட்டலாம், அடிக்கவும் வரலாம். நோய் செய்கிற வேலை அது. பிறகு பெரும்பாலும் அவளுக்கு நினைவிருக்காது. தேற மாதக்கணக்காகும். அதனால் அக்காவும் மாமாவும் முறைவைத்துத் தூங்கட்டும், சில இரவுகள் நீங்கள் உடனிருங்கள். அப்புறம், பள்ளியிலும் இப்போதே பேசிவிடுங்கள்.