மழைக்காலத்தில் செம்மறியின் கம்பளியும் தோலும் கெடாமல் காப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது: ஒரு வாரத்துக்கு மேலாக விடாத மழை. செம்மறிகளின் முதுகில் கம்பளி கட்டி கட்டியாகச் சேர்ந்திருக்கிறது, பிரித்தால் அடியில் பொருக்கு. சில ஆடுகளுக்குக் கம்பளி பச்சையாக மாறியிருக்கிறது. உடனே முடியை வெட்டிவிடலாமா, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கலாமா, அடுத்த மழைக்கு என்ன முன்னேற்பாடு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டுவது, முக்குவது இரண்டுமே இப்போது வேண்டாம். மழை விட்டு, ஆடுகள் தோல்வரை காய்ந்த பிறகுதான் கத்தரியும் மருந்துத் தொட்டியும். செம்மறி வளர்க்கும் நான் மழைக்காலத்தில் மிகக் கண்டிப்பாக இருப்பது இதில்தான். ஈர ஆட்டை நெருக்கி அடைக்க மாட்டேன், ஈர ஆட்டுக்கு முடி வெட்ட மாட்டேன், நனைந்த ஆட்டை மறுபடி நனைக்க மாட்டேன்.

நன்றாக வளர்ந்த கம்பளி சாதாரணத் தூறலைத் தோல்வரை விடாது. தோலில் சுரக்கும் மெழுகுப் பிசுக்கு இழைகளில் படிந்திருப்பதால் மேலே விழும் தண்ணீர் பெரும்பாலும் வழிந்துவிடும். ஒரு நாள் நனைந்து மறுநாள் வெயிலில் உலர்ந்துவிடும் ஆட்டுக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாது. நாள்கணக்கில் நனையும்போதுதான் சங்கதி மாறுகிறது. மெழுகுப் பூச்சு கெட்டு, தோலின் மேலடுக்கு ஊறிப்போய், அங்கே பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கும். மழை விட்டதும் வெளிக்கம்பளி சீக்கிரமே காய்ந்ததுபோலத் தெரியும். அடியில் தோல் இன்னும் பல நாள் ஈரமாகவே இருக்கும். தடித்த போர்வையைத் துவைத்துக் கொடியில் போட்டால் மேல்பக்கம் காய்ந்தும் மடிப்புக்குள் நசநசவென்று இருக்குமே, அதேதான்.

அதனால் தூரத்தில் நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆட்டை நிறுத்தி, தோள்பட்டைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டி, இரண்டு கட்டைவிரலாலும் கம்பளியை வகிடு எடுத்துத் தோல் தெரியும்வரை பிரியுங்கள். நல்ல தோல் வெளிர் சிவப்பாக, சுத்தமாக இருக்கும். இழைகள் தனித்தனியே விரியும். கெட்ட இடத்தில் கம்பளி பிரிய மறுக்கும், விரலில் பிசுபிசுக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு புளித்த நாற்றம் வரும். இப்படித் தோள், முதுகு நடு, இடுப்பு என்று மூன்று இடத்திலாவது பாருங்கள். எல்லா ஆட்டையும் பார்க்க முடியாவிட்டால் குட்டிகளையும் மெலிந்த ஆடுகளையும் மட்டுமாவது பார்த்துவிடுங்கள். குட்டிகளின் தோலில் மெழுகுப் பூச்சு முழுதாக அமைந்திருக்காது, அவைதான் முதலில் மாட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் மந்தையில் இரண்டு வேறு வேறு தொல்லைகள் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

பச்சை நிறம், கம்பளி அழுகலின் அடையாளம். ஊறிய தோலிலிருந்து கசியும் நீர் காய்ந்து, கம்பளியில் குறுக்கே ஒரு பட்டைபோல ஒட்டிக்கொள்ளும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே பெருகினால் அது உண்டாக்கும் நிறமி கம்பளியைப் பச்சையாக்கும். வேறு பாக்டீரியாக்களால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவதும் உண்டு. இதற்கு ஊசி தேவையில்லை. தோல் காய்ந்தாலே ஆறிவிடும். கறை பெரும்பாலும் போகாது, அந்தப் பகுதிக் கம்பளியைத் தனியாகத்தான் ஒதுக்க வேண்டும்.

கட்டி கட்டியாக இருப்பது வேறு. அது டெர்மடோஃபிலஸ் என்ற பாக்டீரியாவால் வருவது. பார்ப்பதற்குப் பூஞ்சைபோல இருப்பதால் பலரும் பூஞ்சை மருந்தை வாங்கித் தடவிக்கொண்டிருப்பார்கள், அதனால் பயனில்லை. பொருக்கு கம்பளி இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கம்பளி வளர வளரத் தானும் மேலே வரும். தொட்டால் கம்பளிக்குள் சிறு குச்சி செருகியதுபோலக் கடினமாகத் தட்டுப்படும். புதுப் பொருக்குக்கு அடியில் தோல் ஈரமாக, சிவந்து, பச்சைப்புண்ணாக இருக்கும். பிய்த்து எடுக்காதீர்கள். ஆட்டுக்கு வலிக்கும், விழும் பொருக்கிலும் கிருமி நெடுநாள் உயிரோடு இருக்கும்.

நான் முதலில் வேண்டாம் என்று சொன்னதன் காரணமும் இந்தக் கிருமியில்தான் இருக்கிறது. பொருக்கு காய்ந்து கிடக்கும்வரை கிருமி அடங்கிக் கிடக்கும். நனைந்தால் அதிலிருந்து நுண்ணிய வித்துகள் வெளிவரும், அவை தண்ணீரில் நீந்தக்கூடியவை. ஈர ஆடுகள் உடம்போடு உடம்பு உரச நிற்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். பொருக்குள்ள ஆட்டை முக்கிய அதே தொட்டியில் மற்ற ஆடுகளையும் முக்கினால் மொத்த மந்தைக்கும் நாமே பரப்பியதாகிவிடும். முடி வெட்டினால் இன்னும் மோசம். கத்தரி பட்ட கீறல்கள் கிருமிக்குத் திறந்த வாசல். குளிர்காற்றும் மழையும் சேர்ந்த நேரத்தில் கம்பளியை எடுத்துவிட்டால் ஆடு விறைத்துச் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. வெட்டிய முதல் இரண்டு வாரம் இந்த ஆபத்து அதிகம். போதாததற்கு, ஈரக் கம்பளியைக் கட்டி வைத்தால் அது சூடேறிப் பூசணம் பிடித்துவிடும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

பொருக்குள்ள ஆடுகளைத் தனியாகப் பிரித்துக் கூரைக்கடியில் விடுங்கள். காற்றோட்டம் அவசியம். மழைக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் மூடிவிடுவது வழக்கம், ஆனால் உள்ளே மூச்சுக்காற்றும் மூத்திர ஆவியும் சேர்ந்து ஆடு காயவே காயாது. சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். தரையில் காய்ந்த வைக்கோல் போட்டு, நனைய நனைய மாற்றுங்கள். இடைவெளி விட்ட பலகைத் தரையாக இருந்தால் நல்லது. இடம் குறைவாக இருந்தால், குட்டிகளுக்கும் நோயுள்ள ஆடுகளுக்கும் முதலிடம் கொடுங்கள். மற்றவை மேட்டு நிலத்தில் காற்றுப்பட நிற்பது, ஒடுங்கிய கொட்டகைக்குள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைவிட நல்லது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளை ஆட்டின்மேல் போர்த்திக் கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. வியர்வை அடியிலேயே நின்றுவிடும்.

லேசாகப் பாதித்த ஆடுகள் உலர்ந்த நாட்கள் வந்ததும் பெரும்பாலும் தாமாகவே தேறிவிடும். முதுகு முழுக்கப் பரவியிருந்தால், அல்லது ஆடு தீவனம் குறைத்து மெலிந்தால், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் அல்லது பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த ஊசி போடுவார்கள். எடை பார்த்து அளவை அவரே தீர்மானிக்கட்டும். இந்த ஊசியும் ஆடு உலர்ந்த இடத்தில் இருந்தால்தான் நிலைத்துப் பலன் தரும், நனைந்துகொண்டே இருந்தால் நோய் திரும்பிவிடும். ஊசி போட்ட ஆட்டின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்றும் அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பிறகு முடி வெட்ட இரண்டு மாதமாவது பொறுங்கள். அதற்குள் புதுக் கம்பளி வளர்ந்து பொருக்கைத் தோலைவிட்டு மேலே தூக்கியிருக்கும், கத்தரி அடியில் சுலபமாக ஓடும். வெட்டும் நாளில் நல்ல ஆடுகள் முதலில், நோய் வந்தவை கடைசியில்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். இது மனிதருக்கும் தொற்றும். கையில் கீறல் இருந்தால் உறை போடாமல் தொடாதீர்கள், தொட்ட பின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆடு கம்பத்தில் உரசிக்கொண்டு, கம்பளியைக் கடித்து இழுத்துக்கொண்டு இருந்தால் மேலே சொன்ன இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். அது பேனாகவோ சொறி உண்டாக்கும் சிற்றுண்ணியாகவோ இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஈ. அழுகிய கம்பளியின் நாற்றம் ஊது ஈக்களைக் கூப்பிடும். ஒரு ஈ ஒரு தடவையில் சுமார் 200 முட்டை இடும். ஈரமும் சூடும் இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் புழு வந்துவிடும். பிறந்த புழுவுக்கு நல்ல தோலில் உணவு கிடைப்பது கடினம். ஆனால் கம்பளி அழுகலிலும் பொருக்கிலும் கசியும் நீர் அதற்குத் தயாராகக் காத்திருக்கிறது. அதைத் தின்று வளர்ந்து சதைக்குள் இறங்கிவிடும். கழிச்சலால் வால்பக்கம் நனைந்து கிடக்கும் ஆட்டுக்கும் இதே கதிதான்.

மழை விட்டு வெயில் அடிக்கும் நாட்களில் மந்தையைக் காலையும் மாலையும் பாருங்கள். ஒரு ஆடு மட்டும் ஒதுங்கி நிற்கும், காலை உதைக்கும், வாலைப் படபடவென ஆட்டும், திரும்பித் திரும்பித் தன் உடம்பையே கடிக்கப் பார்க்கும். கம்பளியில் ஓரிடம் மட்டும் கறுத்து ஈரமாகத் தெரியும். உடனே பிடித்து, புழு இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றி நல்ல தோல் தெரியும்வரை நாலு விரல் அகலத்துக்கும் கம்பளியை ஒட்ட வெட்டுங்கள். முடி வெட்டாதீர்கள் என்று சொன்னது இதற்குப் பொருந்தாது, இது உயிர் காரியம். புழு கம்பளிக்கு அடியில் தடம்போட்டு நகர்ந்திருக்கும், அந்தத் தடம் முழுவதையும் பின்தொடர்ந்து வெட்டுங்கள். வெட்டிய கம்பளியைப் புழுவோடு பைக்குள் போட்டுக் கட்டி அழித்துவிடுங்கள். தரையில் விட்டால் மண்ணுக்குள் புகுந்து ஈயாகத் திரும்பி வரும். புண்ணுக்குப் புழுக்கொல்லி மருந்து போட்டு, சில நாள் தினமும் பாருங்கள்.

அடுத்த மழைக்கான முன்னேற்பாட்டில் முதலாவது, முடி வெட்டும் தேதி. மழை தொடங்கச் சில வாரம் முன்பே வெட்டி முடித்துவிடுங்கள். கீறல் ஆறவும் கொஞ்சம் கம்பளி வளரவும் நேரம் கிடைக்கும். குட்டைக் கம்பளி நனைந்தாலும் சீக்கிரம் காயும். முழுதாக வெட்ட முடியாவிட்டால் வால், தொடைப் பின்புறம், சிறுநீர் படும் இடங்களை மட்டுமாவது வெட்டி விடுங்கள். அப்புறம் குடற்புழு மருந்து. மழைப் புல்லும் குடற்புழுவும் சேர்ந்தால் கழிச்சல் நிச்சயம், கழிச்சல் வந்தால் ஈ நிச்சயம். சாணத்தைப் பரிசோதித்து, தேவையான ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். மருந்துத் தொட்டி வேலையும் வெயில் நாளில், கீறல் ஆறிய பிறகு முடியட்டும்.

குளம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சகதியில் நிற்கும் ஆட்டுக்கு விரலிடுக்கு வெந்து, பிறகு குளம்பழுகலாக மாறும். நொண்டும் ஆட்டை அன்றே பிடித்துப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் கலந்து கால் நனைத்து, பிறகு உலர்ந்த கெட்டித் தரையில் ஒரு மணி நேரமாவது நிறுத்துங்கள். மயில்துத்தத்தைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு நஞ்சு, தாகத்தில் குடித்துவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

ஒரே மழையில் ஒரே கொட்டகையில் நின்றும் சில ஆடுகளுக்கு எதுவும் வருவதில்லை, சிலவற்றுக்கு வருடா வருடம் வருகிறது. கம்பளியின் அமைப்பும் மெழுகின் அளவும் பரம்பரையாக வருபவை. அதனால் பாதித்த ஆடுகளுக்குக் காதில் அடையாளம் போட்டு வையுங்கள். இரண்டாவது மழையிலும் அதே ஆட்டுக்கு வந்தால் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கிடா வாங்கும்போது கொம்பையும் உயரத்தையும் பார்த்த கையோடு முதுகுக் கம்பளியையும் தோல்வரை பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக, மெழுகு பட்டு மென்மையாக, சுலபமாகப் பிரியும் கம்பளியுள்ள கிடாவாகத் தேர்ந்தெடுங்கள். குறுக்கே பழைய மஞ்சள் பட்டை தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.