கேளுங்க அக்கா: பாலைவனத்துல ஒரு பாழூரும் ஒரு தங்கச் சுரங்கமும்

போன இதழ்ல, மக வீட்டுக்கு லாஸ் வேகாஸ் போயிருந்தப்ப ஒரு நாள் கைடோட வேன்ல கெளம்பி, கோஸ்ட் டவுன்னு சொல்ற நெல்சன்ங்கிற பழைய சுரங்க ஊரையும் அங்க இருக்கிற டெகாட்டிகப் தங்கச் சுரங்கத்தையும் பாத்துட்டு வந்ததை ரெண்டே பத்தியில எழுதியிருந்தேன். அதுக்கு மதுரையச் சுத்தி இருந்து மட்டும் இம்புட்டு கேள்வி வரும்னு நெனைக்கல. எல்லாத்தையும் போட எடமில்ல, அதனால ஒரே மாதிரி கேட்டிருந்ததைச் சேத்து எழுதுறேன்.

கோஸ்ட் டவுன்னா பேய் இருக்கிற ஊரா அக்கா? மகன் எங்களை அங்க கூட்டிட்டுப் போறேங்கிறான், மாமியார் பயந்துபோய் வரமாட்டேங்கிறாங்க. (மேலூர் வாசகி)

இல்லம்மா, பேயுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஜனம் காலி பண்ணிட்டுப் போன ஊரைத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க. நம்ம பக்கம் நத்தமேடுன்னு சொல்வோம்ல, ஒரு காலத்துல வீடு வாசலா இருந்து இப்ப ஓட்டாஞ்சில்லு மட்டும் கெடக்கிற மேடு, அந்த மாதிரின்னு அத்தைகிட்ட சொல்லுங்க, புரிஞ்சுக்குவாங்க. அங்க மண்ணுக்கு மேலயே தகர வீடு, மர வீடு, துருப்புடிச்ச பழைய காரு, பெட்ரோல் பங்க்குன்னு நிக்குது, காத்து அடிச்சா தகரம் கிர்ருன்னு சத்தம் போடும், அம்புட்டுதான்.

லாஸ் வேகாஸ்ல இருந்து தெக்க சுமார் 70 கிலோமீட்டர், எல்டொராடோ கேன்யன்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்கதான் நெல்சன் இருக்கு. 1861-ல டெகாட்டிகப் சுரங்கம் ஆரம்பிச்சிருக்கு. அப்ப ரோடு கெடையாது, கொலராடோ ஆத்துல நீராவிப் படகு வரும், சாமான் சட்டெல்லாம் அதுலதான் வரணும். தங்கம், வெள்ளி, செம்பு மூணும் எடுத்திருக்காங்க, 1940-கள்ல சுரங்கத்தை மூடினதும் வந்தவங்க வேற பொழப்பு தேடிப் போய்ட்டாங்க. சுரங்கத்தோட பேரு அந்த மண்ணுல இருந்த பையூட் மக்களோட பாஷையில பசி, மாவுங்கிற ரெண்டு வார்த்தையில இருந்து வந்ததுன்னு கைடு சொன்னாரு. தங்கம் எடுக்கிற எடத்துக்குப் பசின்னு பேரு! எனக்கு அதைக் கேட்டதும் தொண்டை அடச்சுக்கிச்சு. மண்ணுக்குச் சொந்தக்காரங்க பசிக்குதுன்னு வந்து நின்னிருக்காங்க, அந்த வார்த்தைதான் பேரா நெலச்சிருக்கு.

எனக்கு 68 வயசு, சுகர் இருக்கு, மூட்டு வலியும் இருக்கு. மதுரை வெயில்லயே வளந்தவன், பாலைவன வெயில் என்னைய என்ன செய்யும்னு தைரியமா இருக்கேன். போகலாமா? (திருமங்கலம் வாசகர்)

போகலாம்ண்ணே, ஆனா அந்தத் தைரியத்தை மட்டும் வீட்லயே வச்சுட்டுப் போங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், நம்ம சித்திரை வெயில்ல அழகர் எதிர்சேவைக்கு நின்ன ஆளுங்களுக்கு இது என்னன்னு. நாங்க போனது செப்டம்பர் கடைசி, 35 டிகிரிதான், ஜூலை ஆகஸ்ட்ல அங்க 40 தாண்டுறது சாதாரணம். நம்மூர்ல வேர்த்தா சட்டை நனையும், உடனே தெரியும், ஒரு சொம்பு மோர் குடிப்போம். அங்க காத்து அவ்வளவு வறட்சி, வேர்க்கிறது தோல்ல நிக்கிறதுக்கு முன்னாடியே காஞ்சு போயிருது, அதனால நமக்கு வேர்க்கவே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு தண்ணி குடிக்க மறந்துருவோம். ஒரு மணி நேரம் நடந்துட்டு வந்து கையைத் தடவுனேன், முழங்கைக்குக் கீழ நறநறன்னு உப்பு படிஞ்சிருந்துச்சு, கருப்பு ஹேண்ட்பேக் வாருல வெள்ளைக் கோடு. அப்பதான் ஒடம்புல இருந்து எவ்வளவு தண்ணி போயிருக்குன்னு தெரிஞ்சுச்சு. அதனால தாகம் எடுக்குதோ இல்லையோ கால் மணிக்கு ஒரு தடவ ரெண்டு வாய் குடிங்க, சுகர் மாத்திரை, இன்சுலின் இருந்தா வெயில்ல நிக்கிற வேன்ல விட்டுட்டு எறங்காதீங்க, பையிலயே இருக்கட்டும். போறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

மூட்டுக்கு அவ்வளவு செரமம் இல்ல. சுரங்கத்துக்குள்ள டூர் போற மேல் தளம் கிட்டத்தட்ட சமமாத்தான் போகுது, லைட் போட்டிருக்காங்க, தரை கல்லும் மண்ணுமா இருக்கும், அதனால செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. உள்ள வெயிலே தெரியாது, குளுகுளுன்னு இருக்கும். அக்டோபர்ல இருந்து மார்ச்சுக்குள்ள போக முடிஞ்சா ரொம்ப நல்லது.

நாங்க நாலு பேரு அங்க படிக்கிறோம், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கோம். வாடகை காரும் கூகுள் மேப்பும் இருக்கிறப்ப கைடு எதுக்கு? வழியில சும்மா கெடக்கிற சுரங்கத்துக்குள்ள நாங்களே போய் வீடியோ எடுக்கலாம்ல? (பசுமலை மாணவர்)

தம்பி, ஊரைப் பாக்க காரை எடுத்துட்டுப் போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா தொறந்து கெடக்கிற எந்தச் சுரங்கத்துக்குள்ளயும் காலை வைக்கவே கூடாது. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

மலையில கெடைமட்டமா ஒரு குகை மாதிரி தெரியும், உள்ள பத்தடி போனா தரையில பலகை கெடக்கும், அது தரை இல்ல, கீழ தளத்துக்குப் போற செங்குத்துக் குழிய மூடி நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட பலகை, உளுத்துப் போயிருக்கும், காலை வச்சா நேரா கீழதான். ரெண்டாவது, காத்து. நம்மூர்ல பாழுங்கெணத்துல தூர் வார எறங்குறவங்க மயங்கி விழுந்து, காப்பாத்தப் போனவங்களும் சேந்து போனதை எத்தன தடவ பேப்பர்ல படிச்சிருக்கோம், அதே கதைதான் அங்கயும், ஆக்சிஜன் இல்லாத காத்து கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது. மூணாவது, விட்டுட்டுப் போன பழைய டைனமைட், அது நாளாக நாளாக உள்ள இருக்கிற நைட்ரோகிளிசரின் வெளிய கசியும், சும்மா தொட்டாலே வெடிக்கலாம். இதுபோக நெழல் தேடி உள்ள படுத்திருக்கிற கிலுகிலுப்பைப் பாம்பு, எலிப் புழுக்கை தூசியில இருந்து வர்ற ஹாண்டா வைரஸ். மொபைல் டவரும் பல எடத்துல எடுக்காது, கத்துனாலும் கேக்க ஆளில்ல.

ஓடையில வண்டிய நிறுத்துறதையும் சொல்லணும். வறண்டு கெடக்கேன்னு நடு ஓடையில நிறுத்திருவாங்க. 1974 செப்டம்பர் 14-ம் தேதி இந்தக் கேன்யன்லயே மேல பேஞ்ச மழை காட்டாறா வந்து, கீழ ஆத்தங்கரையில படகுத்துறையா இருந்த நெல்சன்ஸ் லேண்டிங்கை அப்படியே அடிச்சுட்டுப் போயிருச்சு, 9 பேரு செத்துப் போனாங்க. நிக்கிற எடத்துல ஒரு சொட்டு மழை இருக்காது. நம்ம கும்பக்கரை அருவியில திடீர்னு தண்ணி வருதுன்னு வனத்துறை ஆளை ஏத்தி விடுறாங்கல்ல, அந்த மாதிரி விசில் அடிக்க அங்க யாரும் நிக்கல. ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் அங்க மழைக்காலம், மேல மேகம் கருத்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

கைடுக்குக் குடுக்கிற காசு வழி காட்டுறதுக்கு இல்ல தம்பி, எது தரை எது பலகைன்னு தெரிஞ்ச ஒருத்தர் முன்னாடி நடக்கிறதுக்கு.

மூணு தலமுறையா பொற்கொல்லர் குடும்பம். பாறையில இருந்து தங்கத்தை எப்படிப் பிரிச்சாங்கன்னு பாத்தீங்களா? கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா? (தெற்கு ஆவணி மூல வீதி வாசகர்)

அண்ணே, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சுவத்துல டார்ச் அடிச்சுக் காட்டுனாங்க, செவந்த பாறைக்கு நடுவுல வெள்ளைக்கல்லு ரேகை ஓடுது, குவார்ட்ஸ், அதுக்குள்ளதான் தங்கம். பளபளன்னு கட்டியா இருக்கும்னு போனா ஏமாந்துருவோம், பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஒரு டன் பாறையில 8 கிராம், அதாவது நம்ம கணக்குல ஒரு பவுன் கெடைச்சாலே அது நல்ல பாறை. உங்க கையில வர்ற ஒரு பவுனுக்குப் பின்னாடி ஒரு டன் கல்லை ஒடச்சு, சொமந்து, இடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

ஒடச்சது கையால. ஒருத்தர் உளிய புடிப்பாரு, இன்னொருத்தர் சம்மட்டியால அடிப்பாரு, ஒவ்வொரு அடிக்கும் உளியக் கொஞ்சம் திருப்பணும், மெழுகுவர்த்தி வெளிச்சத்துல அடி தப்புனா கை போச்சு. அந்தச் சுரங்கம் ஆரம்பிச்சப்ப டைனமைட்டே கெடையாது, நோபல் அதுக்கு பேடண்ட் வாங்குனது 1867-ல, அதுக்கு முன்னாடி கரிமருந்துதான். சுவத்துல வெடி வைக்காம விட்ட தொளை ஒண்ணு இருந்துச்சு, விரலை விட்டுப் பாத்தேன், உள்ள வழுவழுன்னு ஓரத்துல சின்னச் சின்ன வரியா இருந்துச்சு, ஒவ்வொரு வரியும் ஒரு அடி. மேலூர்ப் பக்கம் கல் குவாரி பாத்தவங்களுக்கு மெஷின் போட்ட தொளை எப்படி இருக்கும்னு தெரியும், இது வேற.

ஒடச்ச கல்லை ஸ்டாம்ப் மில்லுன்னு ஒண்ணுல போடுவாங்க, வரிசையா இரும்பு உலக்கை, மேல தூக்கித் தூக்கிப் போடும், தண்ணியோட சேந்து கல்லு மாவாயிரும். அந்தக் கூழை பாதரசம் பூசின செப்புத் தகட்டு மேல ஓடவிட்டா தங்கம் மட்டும் பாதரசத்துல ஒட்டிக்கும், அதை வழிச்சுத் துணியில பிழிஞ்சு, சூடாக்குனா பாதரசம் ஆவியாப் போய் தங்கம் நிக்கும். 1887-ல ஸ்காட்லாந்துல சயனைடு முறையைக் கண்டுபுடிச்ச பெறகு பாதரசத்துல ஒட்டாம தப்பிச்ச தங்கத்தையும் கரைச்சு எடுத்துட்டாங்க. சின்ன வயசுல உங்க தெருவுல பட்டறைத் தூசியக் கூட்டி, சாக்கடை மண்ணை வாரி, தட்டுல அரிச்சு எடுக்கிறதைப் பாத்திருக்கேன். அங்க ஆத்து மண்ணை அரிச்சுப் பாத்த ஆளுங்களும் அதே கை அசைவுதான். தங்கம் தண்ணிய விட 19 மடங்கு கனம், மணலு ரெண்டரை மடங்குதான், அதனால மணலு மேல ஓடிரும், தங்கம் அடியில தங்கிரும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், வீட்டுக்குள்ள பாதரசத்தைச் சூடாக்குறவங்க யாராவது தெரிஞ்சா நிறுத்தச் சொல்லுங்கண்ணே, அந்தப் புகை நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்துரும், புள்ளைங்க இருக்கிற வீட்ல கூடவே கூடாது.

சாப்பாடு? (மூணு பேரு கேட்டிருக்கீங்க)

தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிட்டுப் போனோம், ரெண்டும் தாங்குச்சு. அந்த ஊர்ல ஹோட்டலை நம்பிப் போகாதீங்க. எலையோ பேப்பரோ போட்டுட்டு வராதீங்க, அங்கேருந்து ஒரு துருப்புடிச்ச ஆணி கூட எடுத்துட்டும் வராதீங்க.

அமெரிக்கா போக நமக்கு வசதியில்ல. இந்த மாதிரி ஊரு பக்கத்துல இல்லையா? (உசிலம்பட்டி வாசகி)

இருக்கும்மா. காலைல அஞ்சு மணிக்கு மதுரையில பஸ் ஏறுனா ராத்திரிக்குள்ள தனுஷ்கோடி பாத்துட்டு வந்துரலாம். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல பாம்பன்ல இருந்து போன ரயிலோட ஊரும் போச்சு, சர்ச்சு, ஸ்டேஷன், தண்ணித் தொட்டி எல்லாம் மொட்டைச் சுவரா நிக்குது. முன்னாடி மணல்ல வேன்லதான் போகணும், 2017-ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு. நெல்சன் பொழப்பு இல்லாம காலியான ஊரு, இது ஒரே ராத்திரியில காலியான ஊரு. அந்தச் சுவத்து மேல ஏறி செல்ஃபி எடுக்கிறவங்களைப் பாத்தா எனக்கு மனசு ஆறமாட்டேங்குது, அங்க ஜனம் செத்திருக்கு.

எங்க தாத்தா கோலார் தங்கவயல்ல வேலை பாத்தவரு, சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். இப்ப அங்க போனா சுரங்கத்துக்குள்ள பாக்க முடியுமா? பாட்டிக்கு 88 வயசு, என்கூடத்தான் இருக்காங்க. (திருப்பரங்குன்றம் வாசகர்)

நெல்சன் மாதிரி டிக்கெட் எடுத்து உள்ள போற எடம் இல்ல தம்பி அது. 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பிச்சு, 2001 பிப்ரவரி 28-ம் தேதி மூடிட்டாங்க. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம், நம்ம ஒத்தக்கடை ஆனைமலைய பத்துக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உள்ள எறக்குன மாதிரி. காவிரியில இருக்கிற சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்துல இருந்து 1902-லயே கரண்ட் வந்த ஊரு. ஆனா உள்ள பாறை சூடு, திடீர்னு பாறை வெடிச்சுச் சிதறும், நுரையீரல்ல கல்தூசி சேந்து சிலிகோசிஸ் வரும், இதையெல்லாம் பட்டவங்கள்ல நம்ம வட ஆற்காட்டுத் தமிழ் ஜனம்தான் அதிகம். இப்ப போனா சயனைடு போட்டுத் தங்கம் எடுத்தது போக மிஞ்சின மண்மேடும், சுரங்கத்துக்குள்ள எறங்குற செங்குத்துக் குழி மேல நிக்கிற இரும்புக் கோபுரமும் வெளியில இருந்தே பாக்கலாம், ஊரும் ஜனமும் இன்னும் இருக்கு.

நெல்சன்ல ஒவ்வொரு வெளக்கையும் ஒவ்வொரு சம்மட்டியையும் கண்ணாடிக்குள்ள வச்சு, இது இன்னாரோடதுன்னு எழுதி வச்சிருந்தாங்க. உங்க வீட்டு ஆளைப் பத்தி உங்க பாட்டிக்குத்தான் தெரியும். எந்த ஷிஃப்டுக்குப் போவாரு, தூக்குல என்ன கட்டிக் குடுத்தாங்க, சங்கு ஊதி ஆளு வரலைன்னா எங்க போய் நின்னாங்க, இதைக் கேளுங்க, மொபைல்ல ரெக்கார்ட் பண்ணுங்க. தாத்தாவோட பழைய சாமான் ஏதாவது பெட்டியில கெடந்தா தேய்க்காம கழுவாம அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பாட்டி சொன்னதை அவங்க வார்த்தையிலயே இந்தப் பக்கத்துல போடுறேன்.